அந்தப் பதினோரு ‘ஓம்’

இரண்டு வருடங்களுக்கு முன், ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஜனவரி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு ஓடினேன். கரகரத்த ஒரு பெண் குரல், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டது.

“பிள்ளை, ஆரைக் கேட்டு என்ர முகத்தைப் பேப்பரில போட்டனீங்கள்?”

அந்தக் கேள்வியிலிருந்து வெளியே வர எனக்கு மூன்று வாரம் ஆனது. ஏன் என்று புரிய, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

நான் காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா இன்றும் கைநாட்டுதான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் தெருவுக்கு வரும் படிவங்களையெல்லாம் நான்தான் நிரப்புவேன். ரேஷன் அட்டை, வங்கி, முதியோர் உதவித்தொகை என்று எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நான் நிரப்பியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஹம்மில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லத்தில் வேலை. நான் வந்த முதல் குளிர்காலத்தில், அறையை விட்டு வெளியே வராமல் கிடந்த என்னைப் பார்த்து, “உப்பிடியே இருந்தாயெண்டால் புத்தகத்தோட புத்தகமாப் போயிடுவாய். வா, மேளம் அடிப்பம்” என்று இழுத்துக்கொண்டு போனார். போன இடம், ரயிலில் கால் மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு சிறு நகரத்தின் சம்பாப் பள்ளி.

பள்ளி என்றுதான் பெயர். பெஞ்சும் கிடையாது, பாடமும் கிடையாது. பிரேசில் நாட்டுத் திருவிழா மேளமும் ஆட்டமும் பழகுகிற கூட்டம் அது. நாற்பது பேர் இருப்போம். வியாழக்கிழமை மாலைகளில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடுவோம். பிப்ரவரியில் வரும் கார்னிவல் ஊர்வலத்துக்காக வருடம் முழுக்கப் பயிற்சி. கூட்டத்தின் தலைவி ஒரு பிரேசில்காரப் பெண்மணி, வாயில் எப்போதும் ஒரு விசில். எனக்குக் கிடைத்தது இடுப்பில் கட்டித் தொங்கவிடும் பெரிய மேளம். தம், தம் என்று ஒரே அடிதான். ஆனால் நான் நிறுத்தினால் மற்றவர்கள் தடுமாறிவிடுவார்கள்.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “என்னது, சம்பாவுக்குப் பள்ளிக்கூடமா?” என்றார். “அந்தப் பனியில சம்பா வெளையுமாடி?”

“நெல்லு இல்லம்மா, இது மேளம்.”

“மேளத்துக்கு எதுக்கு சம்பான்னு பேரு? சரி, எத்தன பள்ளிக்கூடந்தான் போவ நீ. முடிச்சுத் தொலைச்சுட்டு வா.”

ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் சம்பாப் பள்ளி ஒரு கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும். உடை, வண்டி, பாட்டு எல்லாம் அதைச் சுற்றியே இருக்கும். அந்த வருடம் அக்டோபரில், ஒரு பாடகரைத் தேர்ந்தெடுப்போம், மக்கள் கொண்டாடிய பாடகராக இருக்கட்டும் என்றார் தலைவி. ஆளாளுக்கு ஜெர்மன் பாடகர்களின் பெயர்களைச் சொன்னார்கள். எப்போதும் வாய் திறக்காத எங்கள் அக்கா, திடீரென்று கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்து ஒரு பழைய பதிவைப் போட்டார்.

ஏதோ ஒரு கல்யாண மண்டபம். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், பெரிய கொண்டையில் பூவோடு, துள்ளல் தாளத்தில் பாடிக்கொண்டிருந்தார். அடுத்த வரியை எங்கே எடுப்பார் என்று நம்மைக் காக்கவைத்து எடுக்கிற குரல். இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும் என்றார் அக்கா. இருபது வருடம் அவர் பாடாத கல்யாணம் இல்லை. ஹம்மை ஒட்டிய ஊன்ட்றொப் அம்பாள் கோயில் திருவிழாவில் அவர் பாடினால் கால்வாய்க் கரைவரை சனம் நிற்குமாம். இப்போது பாடுவதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

தலைவி பாட்டு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டார். பிறகு, “இவர் இங்கேதான் இருக்கிறாரா? நம் பக்கத்திலேயே?” என்று கேட்டார். கை தூக்கி வாக்கெடுத்தோம். மூன்று கை அதிகமாக அந்த அம்மா ஜெயித்தார்.

அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமே. அக்காவைப் பார்த்தேன். அக்கா பின்வாங்கினார். “எனக்கு அவவோட கதைக்கக் கூச்சம். என்ர கலியாணத்துக்குப் பாடினவ. அவ இப்ப ஆரோடயும் அவ்வளவாக் கதைக்கிறேல்லையாம். நீ படிச்ச பிள்ளை, நீ வடிவாக் கதைப்பாய்.”

படிச்ச பிள்ளை என்ற சொல்லுக்கு நான் எப்போதும் விழுந்துவிடுவேன். எண்ணை வாங்கினேன். அடுத்த நாள் காலை அழைத்தேன். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சம்பாப் பள்ளி என்றால் என்ன, ஊர்வலம் எப்போது, வண்டியில் அவர் முகத்தைப் பெரிதாகச் செய்து வைக்கப் போகிறோம், அவர் பாட்டின் மெட்டைத் தழுவி நாங்கள் பாடப் போகிறோம் என்று வரிசையாகச் சொன்னேன். குறித்துவைத்துக்கொண்டுதான் பேசினேன். ஒவ்வொன்றுக்கும் அவர், “ஓம்” என்றார். “ஓம்… ஓம் பிள்ளை… ஓம், சொல்லுங்கோ.” குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், “ரொம்ப நன்றிம்மா” என்றேன். “ஓம், வையுங்கோ” என்றார்.

பதினோரு ஓம். ஒவ்வொரு ஓமுக்கும் குறிப்புத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன், பிறகு எண்ணிப் பார்த்தேன். யாழ்ப்பாணத் தமிழில் ஓம் என்றால் ஆமாம் என்று வந்த முதல் மாதமே கற்றுக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியும் என்பதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

நவம்பரில் ஊர்வலக் குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதை நிரப்பும் வேலையும் நானாகக் கேட்டு வாங்கியதுதான். அதில் ஒரு கேள்வி: உயிரோடு இருக்கும் ஒருவரைச் சித்தரித்தால், அவருடைய சம்மதம் பெறப்பட்டதா? நான் ‘யா’, அதாவது ‘ஆம்’ என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி போட்டேன். கீழே, சம்மதம் பெற்றவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கூட்டத்தில் ஒரு தாத்தா, ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. அவர்தான் அந்த அம்மாவின் தலையைக் கம்பி கட்டி, காகிதம் ஒட்டிச் செய்தார். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தலை. மூக்குக்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் அந்த மூக்கோடுதான் இருந்தாராம். பாட்டில் ஒரு தமிழ் வரி வேண்டும் என்று தலைவி கேட்டதால், நான் ஒரு பல்லவி எழுதினேன். “பாடுங்கோ, பாடுங்கோ, இன்னொருக்காப் பாடுங்கோ.” நாற்பது பேரும் அதைப் படித்துப் படித்து, ‘ங்கோ’வில் ஓர் அழுத்தம் கொடுத்து அட்டகாசமாகப் பாடினார்கள். என் தமிழை நாற்பது பேர் பாடக் கேட்டுக்கொண்டு மேளம் அடிப்பது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. பாதி வண்ணம் பூசிய தலையின் படத்தோடு. அன்றைக்கு மதியம்தான் அந்த அழைப்பு.

“நீங்கதானேம்மா அக்டோபர்ல சரின்னு சொன்னீங்க?” என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“நான் எங்க சரி எண்டனான்?”

“ஓம், ஓம்னு சொன்னீங்களே.”

“பிள்ளை, நீங்கள் மூச்சு விடாமல் கதைச்சுக்கொண்டிருந்தீங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு ஓம் எண்டனான். ஆராவது ஒரு பிள்ளை ஆசையாக் கதைக்குது, கதைக்கட்டும் எண்டு. உதுக்குப் பேர் சம்மதமே? செய்யலாமோ எண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை.”

வைத்துவிட்டார்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேசக் குறித்துவைத்திருந்த தாள் பைக்குள்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். எட்டுக் குறிப்புகள். எல்லாம் நான் சொல்ல வேண்டியவை. கேள்வி என்று ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஊரில் கதை கேட்கிறவர்கள் ‘உம்’ கொட்டுவார்கள். உம் கொட்டினால் சம்மதம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? எடுத்துக்கொண்டால் அவளை என்னவென்று சொல்வோம்? ஆனால் அவர் உம்முக்குப் பதில் ஓம் கொட்டியபோது, படிச்ச பிள்ளை அதைக் கொண்டுபோய் ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட்டாள்.

ஊர்வலத்துக்கு இருபது நாள் இருந்தது. அன்றைக்கே தலைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோபம் தணிந்து அவரே விட்டுவிடுவார் என்று ஒரு மனம். அவர் ஊர்வலக் குழுவுக்கு ஒரு கடிதம் போட்டால் என் கையெழுத்து என்னாகும் என்று இன்னொரு மனம். பொய்யாகச் சம்மதம் எழுதினேன் என்று ஆகுமா? அது கல்லூரிக்குப் போகுமா, விசாவுக்குப் போகுமா? எதற்கு எது போகும் என்று தெரியாத ஊரில் பயத்துக்கு எல்லையே இல்லை. வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனேன். எல்லோரும் “பாடுங்கோ, பாடுங்கோ” என்று கத்தினார்கள். நான் இரண்டு முறை அடி தவறினேன். தலைவி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். தாத்தா அன்று தலைக்குப் புருவம் வரைந்துகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவை வாசலில் மறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றார்.

“உனக்கு ஓம் விளங்கேல்லை எண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே.”

“விளங்குச்சுன்னு நெனச்சேன்க்கா.”

“அதுதான் உன்ர பிரச்சினை” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ரயும்தான். நான்தான் கதைச்சிருக்கோணும். சரி, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமாப் போவம். போனில கதைச்சது காணும், முகத்தைப் பாத்துக் கதை” என்றார். என்னை நேரில் பேசச் சொன்னவர், அந்த அம்மாவின் வீட்டு மூன்றாவது மாடிப் படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தைரியம் சொல்லத்தான் என்று நினைத்தேன். அவர் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.

கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பதிவில் பார்த்த அதே பெரிய கொண்டை, இப்போது முக்கால்வாசி வெள்ளை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். “வாங்கோ, இருங்கோ” என்றார். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அக்கா ஊர்க்கதை ஏதோ ஆரம்பிக்க, அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் வடிவாக் கேளுங்கோ.”

வாயைத் திறந்து ஒரு பாட்டின் முதல் வரியை எடுத்தார். எடுத்தார் என்றால், எடுக்கப் பார்த்தார். வந்தது காற்றுத்தான். காற்றுக்குள் நூல் போல ஒரு சத்தம். அதுவும் இரண்டாவது சொல்லில் அறுந்துவிட்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் அக்டோபரில் சளி என்று நினைத்தது சளி இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்களாம். உயிர் பிழைத்ததே பெரிது, குரல் போனதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை என்றார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாடக் கூப்பிட்டவர்களிடமெல்லாம், இப்போது பாடுவதில்லை என்று மட்டும் சொன்னார். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கோயிலுக்குப் போகிறார்.

“சனம் என்னைத் தடிப்புப் பிடிச்சவ எண்டு கதைக்குது. எனக்குத் தெரியும். கதைக்கட்டும். பாவம் எண்டு கதைக்கிறதை விட அது நல்லது.” தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். “இப்ப நீங்கள் சொல்லுங்கோ. இவ்வளவு பெரிய முகத்தை வண்டியில வைச்சு இழுத்தால், அடுத்த நாள் என்னைக் காணுற ஆக்கள் என்ன கேப்பினம்?”

எனக்குப் பதில் தெரியும். நாற்பது பேருக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பாடுங்கோ, இன்னொருக்காப் பாடுங்கோ. தடிப்பு என்றால் திமிர் என்று அக்கா பிறகு சொன்னார். ஆனால் சொல்லாமலே எனக்கு விளங்கியிருந்தது. பாவம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நானும் எத்தனை இடங்களில் திமிர்பிடித்தவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

“அம்மா, இப்ப கேக்குறேன். இதைச் செய்யலாமா?” என்றேன்.

“ஏலாது.”

“சரிம்மா.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கெஞ்சுவேன் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை, பயிற்சி தொடங்குமுன் தலைவியிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். மேளத்தை இடுப்பிலிருந்து கழற்றி வைத்துவிட்டு நின்றேன். அது இல்லாமல் நிற்க என்னவோ போலிருந்தது. அவர் சம்மதிக்கவில்லை, நான் தவறாக எழுதினேன், ஊர்வலக் குழுவிடம் இன்று காலை நானே போய் அதைச் சொல்லிவிட்டேன், முகம் போகக் கூடாது, பெயரும் போகக் கூடாது என்று ஜெர்மனில் சொல்லி முடித்தேன். குழுவில் அந்தக் கட்டத்தை அடித்துத் திருத்தி எழுதச் சொன்னதோடு சரி; நான் பயந்த கல்லூரியும் விசாவும் பேச்சிலேயே வரவில்லை. குரல் விஷயத்தைச் சொல்லவில்லை. அது சொல்ல எனக்கு உரிமையில்லாத விஷயம். ஊர்வலத்துக்கு இன்னும் பதினொரு நாள்.

சின்ன மேளம் அடிக்கிற ஒரு பெண் கேட்டார். “உங்கள் மொழியில் ஆமாம் என்றால் ஆமாம் இல்லையா?”

நியாயமான கேள்விதான். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து தாத்தாவின் குரல் வந்தது. “நாற்பது வருடமாக என் மனைவி தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நான் யா, யா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்று தெய்வத்துக்குத்தான் தெரியும்.”

சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று வாரம் மூக்குச் செய்தவர் அவர். அவர் எழுந்துபோய் அந்தத் தலையைச் சுற்றி நிதானமாக ஒரு முறை நடந்தார். பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

“கொண்டையும் எனக்கு நன்றாகத்தான் வந்திருக்கிறது” என்றார். “முன்பக்கத்தையும் முடியாக்கிவிடலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் திரும்பி நிற்கிற ஒரு பெண்.”

தலைவி என்னைப் பார்த்தார். “அவரிடம் கேள். இந்த முறை கேள்.”

மறுநாள் அழைத்தேன். முகம் இல்லை, பெயர் இல்லை, ஒரு பெண்ணின் பின்தலை மட்டும், கொண்டையும் பூவும் என்று சொன்னேன். அவர் வழக்கம்போல “ஓம்… ஓம்…” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஓமுக்கும் எனக்கு வியர்த்தது.

“இதைச் செய்யலாமாம்மா? ஓம்னு மட்டும் சொல்லாதீங்க. செய்யுங்கோ, இல்லாட்டி செய்யாதேங்கோ, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமலா, சிரிப்பா தெரியவில்லை. “ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன்” என்றார்.

வெள்ளியும் சனியும் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. தாத்தா அடுப்பை மூட்டிவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பவர் போல, கறுப்பு வண்ணம் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஞாயிறு காலை போய், மதியம் போய், வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது குறுஞ்செய்தி வந்தது. ஒரே ஒரு சொல். “செய்யுங்கோ.”

அந்தச் சொல்லை அக்காவிடம் காட்டி, “இதுக்கு வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?” என்று கேட்டேன். “இல்லையடி” என்று தலையில் தட்டினார்.

பல்லவி மட்டும் மிச்சம் இருந்தது. பாடுங்கோவை இனிப் பாட முடியாது. ஏன் என்று சொல்லாமல், வேறு வரி தருகிறேன் என்று தலைவியிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் நாற்பது பேர் வாயில் நுழைய வேண்டும். யோசித்து யோசித்து, கடைசியில் ஒரே ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தேன். ஓம், ஓம், ஓம். எல்லோருக்கும் ஒரே குஷி. “ஓ, யோகா” என்று கண்ணை மூடிக்கொண்டார் ஒருவர். யோகா இல்லை, இதற்குக் ‘கேட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்று அர்த்தம் என்றேன். சின்ன மேளக்காரப் பெண், “இப்போது நிச்சயம்தானே?” என்றார். இந்த முறை நானும் சிரித்தேன்.

ஊர்வலத்தன்று நல்ல குளிர். கையுறை போட்டால் குச்சி பிடிபடாது, போடாவிட்டால் விரல் பிடிபடாது. வண்டியின் மேல் அந்தப் பெரிய கருங்கொண்டை, வலப்பக்கம் காகித மல்லிகை, மெல்ல ஆடிக்கொண்டு போனது. வழியெல்லாம் வேடம் போட்ட ஜெர்மன்காரர்கள், யார் அது, யார் அது என்று கேட்டார்கள். தலைவி, “இந்தப் பக்கத்துப் பாடகி” என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார். நான் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே அடித்தேன். வந்திருந்தால் என்ன நினைப்பார், வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அதுவே மண்டைக்குள் ஓடியது. பேக்கரி முனையில், முகம் பாதி மூடிய கம்பளித் துண்டோடு ஒருவர் சுவரோரம் நின்றார். அவரா என்று பார்ப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது. என் அடி நின்றால் எல்லாம் நின்றுவிடும். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. அவர் எண்.

“பிள்ளை.”

“சொல்லுங்கம்மா.”

“நான் வலப்பக்கம் பூ வைக்கிறேல்லை.”

“என்னம்மா?”

“இடப்பக்கம்தான் வைக்கிறனான். மைக் வலக்கையில இருக்கும், அந்தப் பக்கம் வைச்சால் பூ கையில முட்டும். அந்தத் தலையைச் செய்தவரிட்டைச் சொல்லிவிடுங்கோ.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “உங்கட ஆக்கள் என்ன, ஓம் ஓம் எண்டு கத்திக்கொண்டு போகினம்?” என்றார்.

“நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம்மா.”

அவர் அந்தக் கரகரத்த குரலில் பேசத் தொடங்கினார். எந்த மண்டபத்தில் முதன்முதலாகப் பாடினார், மைக் வேலை செய்யாமல் போன கல்யாணம் எது, பனியில் வண்டி சறுக்கி மாப்பிள்ளைக்கு முன்னால் பாடகி போய்ச் சேர்ந்த கதை. அரை மணி நேரம் இருக்கும். நான் எந்தக் குறிப்பும் எடுக்கவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்தான். ஓம். ஓம்மா. ஓம், சொல்லுங்கோ.

இதை எழுதலாமா என்று போன மாதம் அவரிடம் கேட்டேன். குரல் விஷயம் இப்போது கோயிலில் எல்லோருக்கும் தெரியுமாம். அவரே சொல்லிவிட்டாராம். “பேர் போடாமல் எழுதுங்கோ” என்றார். அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இப்போதும் படிவங்களை நான்தான் நிரப்புகிறேன், எங்கள் தெருவுக்கும் இங்கே அக்காவுக்கும். ஆனால் ‘ஆம்’ என்ற கட்டத்துக்கு வரும்போது என் பேனா ஒரு கணம் நின்றுவிடுகிறது. நான் உண்மையாகவே கேட்டேனா, அல்லது பேசிக்கொண்டு மட்டும்தான் இருந்தேனா என்று என்னையே ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் குறி போடுகிறேன்.